பன்னிரண்டாவது கட்டம்

பள்ளிப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூடப் பொறுமை இல்லாமல் மகள் புத்தகத்தை உருவி எடுத்தாள். புது ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம். அட்டையில் பசை வாசனை போகவில்லை. "அம்மா, நீ படம் போட்ட புக்கு எங்க கிளாசுக்கே வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டு நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் போட்டாள். பன்னிரண்டு கட்டங்கள், பன்னிரண்டு படங்கள். கடைசிக் கட்டத்தின் மேல் விரலை ஊன்றி, "இது பெரியப்பாதானே? நிஜமா சொல்லு, பெரியப்பாதானே?" என்று குதித்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றவள் ஓடி வந்தாள். "சும்மா இரு, கத்தாத" என்று அடக்கிப் பார்த்தாள். கணவனின் அண்ணன் பத்தடி தூரத்தில், கூடத்தில்தான், குறுக்கெழுத்துப் போட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டத்தின் கீழே தடித்த எழுத்தில் 'ஸ்பை' என்று போட்டிருந்தது.

பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுவது அவள் பிழைப்பு. பதினாறு வருடமாக ஆப்பிளும் ஒட்டகச்சிவிங்கியும் குடையும் வரைந்து தள்ளிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கத்துக்கான வேலை வந்தபோது பதிப்பாசிரியை போனில் உற்சாகமாகத்தான் விளக்கினாள். "டீச் பண்றவங்க டீச்சர், டிரைவ் பண்றவர் டிரைவர். அது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா குக் பண்றவர் குக்கர் இல்லையே! வேலைக்கும் அதே வார்த்தை, ஆளுக்கும் அதே வார்த்தை. அந்த மாதிரி பன்னெண்டு. ஒவ்வொரு படத்திலயும் ஆளும் தெரியணும், அவர் செய்யறதும் தெரியணும்." குக், நர்ஸ், கார்டு, கைடு, கோச், ஜட்ஜ், பைலட் என்று பட்டியல் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாவதாக ஸ்பை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, குறை என்றே வைத்துக்கொள்ளலாம். வெறும் கற்பனையில் முகம் வராது. பார்த்த முகத்தை இரவல் வாங்கித்தான் போடுவாள். பேருந்து வரிசையில், மருந்துக் கடையில், கல்யாண வீட்டில் எல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எதிராளியின் தாடையையும் காதையும் கண்ணால் அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது தெரியாது. இந்த முறையும் அப்படித்தான். சீட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கும் மருந்துக் கடைப் பெண் நர்ஸ் ஆனாள். கீழ்வீட்டு அம்மாள் மூக்குக் கண்ணாடியோடு ஜட்ஜ் ஆனாள். சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாத அவள் கணவன், தலையில் வெள்ளைத் தொப்பியோடு குக் ஆனான். அதைப் பார்த்து வீடே சிரித்தது. கார்டுக்கு வங்கி வாசலில் காவலுக்கு நிற்கும் ஆறடி ஆள், முறுக்கு மீசையும் கைத்தடியுமாகக் கச்சிதமாகப் பொருந்தினார். பதினொன்று மளமளவென்று முடிந்தன. பன்னிரண்டாவதுதான் உயிரை வாங்கியது.

"தொப்பி, கோட்டு, கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கட்டும். பார்த்ததும் பிள்ளைக்குப் புரியணும்" என்று பதிப்பாசிரியை சொல்லியிருந்தாள். திரைக்குப் பின்னால் ஒருவனை வரைந்தாள், திருடனாக வந்தான். சாவித் துவாரத்தில் ஒருவனைக் குனிய வைத்தாள், முதுகுவலிக்காரனாக வந்தான். மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். மணி பதினொன்றரை. எரிச்சலோடு தலையைத் தூக்கினாள். அறை வாசலில் கணவனின் அண்ணன் நின்றார். உடம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே. வலது கை கதவு நிலையை மேலே எட்டிப் பிடித்திருந்தது. கழுத்து நீண்டிருந்தது. ஒரு குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. கண் மட்டும் அறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் பார்த்ததும், "ஒண்ணுமில்லம்மா, நீ வேலையப் பாரு" என்று நகர்ந்துவிட்டார்.

மனைவி இறந்த பிறகு, ஓய்வும் பெற்று, தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர். வந்து இரண்டு வருடம். பிள்ளை குட்டி கிடையாது. மகள் பெரியப்பா என்று கூப்பிடுவதைப் பார்த்து அவளும் பெரியப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். பேச்சு வார்த்தையில் ஒரு குறை சொல்ல முடியாது. போட்டதைச் சாப்பிடுவார், துணி மடித்து வைப்பார், குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். இந்த வாசலில் வந்து நிற்பது ஒன்றுதான். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வருவார், பார்ப்பார், ஒண்ணுமில்லம்மா என்பார், போவார். "உங்கண்ணன் வந்து நின்னா எனக்கு முதுகு குறுகுறுங்குது. வந்தா உள்ள வரணும், இல்லன்னா வராம இருக்கணும். இது என்ன பாதி வருகை?" என்று கணவனிடம் எத்தனையோ தடவை பொரிந்திருக்கிறாள். அவன், "அவர் சுபாவம் அது, விடு" என்பான். அவள் விடவில்லை. உள்ளே வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பென்சில் அதை எடுத்துக்கொண்டது. பத்தே நிமிடத்தில் படம் முடிந்துவிட்டது, பன்னிரண்டிலும் அதுதான் உயிரோடு இருந்தது.

தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் படத்திலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டாள், நரையைக் கறுப்பாக்கினாள், ஒரு மீசையும் ஒட்டினாள். தெரியாமல் வரைந்தவள் எதற்கு மீசை ஒட்டுகிறாள்? அடுத்த வாரம் பதிப்பாசிரியையிடமிருந்து, 'எல்லாம் நன்று, ஸ்பை பிரமாதம்' என்று செய்தி வந்தது. மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டினாள். "பாராட்டா? ரொம்ப சந்தோஷம்மா" என்று அவரும் சொன்னார். 

கத்தலைக் கேட்டு அவர் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். "யாரு, நானா? எங்க, காட்டு" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். படத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, நானேதான். அந்த மீசை நல்லா இருக்கும்மா. வச்சுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை, உங்க பெரியம்மாதான் விடல." அவளும் சிரித்தாள், அல்லது உதட்டை அகட்டினாள். அவர் புத்தகத்தை உடனே கொடுத்துவிடவில்லை. கால அட்டவணையைப் பார்ப்பதுபோல முதல் கட்டத்திலிருந்து வரிசையாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது.

"இந்தக் கார்டு யாரும்மா? பாங்க் வாசல்ல நிக்கிறாரே, அவரா?"

"ஆமா பெரியப்பா."

"கம்பீரமா வந்திருக்கார்."

மகள் இடையில் புகுந்தாள். "பெரியப்பா, நீங்களும் கார்டுதானே?"

"அது ரயில் கார்டு கண்ணு. அது வேற" என்று அவர் புத்தகத்தை மூடிக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

முப்பத்தொரு வருடம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். பெண் பார்க்க வந்தபோது இந்த வீட்டைப் பற்றி அவளுக்குச் சொல்லப்பட்ட முதல் தகவலே, மாப்பிள்ளையின் அண்ணன் கார்டு என்பதுதான். சீருடையில் அவர் நிற்கும் போட்டோ கூடத்தில் தொங்குகிறது, வாரா வாரம் அவள்தான் துடைக்கிறாள். அப்படியிருக்க, கார்டு என்ற சொல்லைப் பட்டியலில் படித்தபோது வங்கிக்காரர் நினைவுக்கு வந்தார், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் வரவில்லை. ஸ்பை என்றதும்தான் வந்தார். அன்று பூராவும் இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி கைதவறி விழுந்தது, குழம்பில் உப்பு இரட்டிப்பாக விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து வாசல் காலியாக இருந்தது. இரண்டு வருடமாக அவள் வேண்டிக்கொண்டது அதுதான், கிடைத்ததும் பொறுக்கவில்லை. சமையலறைக்குத் தண்ணீர் எடுக்க வரும் மனிதர், கூடத்தில் நின்றே "வரலாமாம்மா?" என்று குரல் கொடுத்தார். தம்பி வீட்டில், தானே பில்டரை மாட்டிக்கொடுத்த சமையலறைக்கு! இரண்டாம் நாள் அந்த உத்தரவு கேட்பதும் நின்றது. ஒரு கூஜாவை எடுத்துக்கொண்டுபோய்த் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். பகலெல்லாம் துணி காயப்போடும் பால்கனியில் நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சாப்பிட வந்தால் கண் தட்டை விட்டு எழும்பவில்லை. மகளின் தோழிகள் மூன்று பேர் வந்து, "ஸ்பை பெரியப்பா எங்க? ஸ்பை பெரியப்பாவைப் பாக்கணும்" என்று பால்கனிக்கே போய் நின்றார்கள். அவர் எழுந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒரு பாத்திரமும் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தாம் நாள் கணவன் அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாக அவளைத் தனியே கூப்பிட்டான். "அண்ணன் ரூம் பாத்துட்டாராம். கூட வேலை பார்த்த டிரைவர் வீட்டு மாடி. திங்கக்கிழமை போறாராம். நல்லாத்தானே இருந்தார்? நீ ஏதாவது சொன்னியா?"

"நான் ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். அது சத்தியமான பேச்சு. சொல்லியே இருக்கலாம் என்று அந்த நிமிடம் தோன்றியது. சொன்னால் சண்டை வந்திருக்கும், சமாதானம் வந்திருக்கும், வீட்டோடு போயிருக்கும். மகளின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். குக்கைப் பார்த்து அவன் மறுபடி சிரித்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இது அண்ணன் வேன்ல நிக்கிற மாதிரியில்ல இருக்கு!" என்றான்.

"எந்த வேன்?"

"கடைசிப் பெட்டி. கார்டு அங்கதான் இருப்பார். சின்னப் பையனா இருந்தப்ப ஒரு தடவை ரயில்வே கேட்டுல நின்னு பாத்தேன். வளைவுல வண்டி திரும்புது, இவர் வாசல்ல இதே மாதிரி கம்பியப் பிடிச்சிட்டு, பாதி உடம்பை வெளிய நீட்டி முன்னால பாத்துட்டே போறார். நான் கத்தறேன், என்னைத் திரும்பியே பாக்கல. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பதான் சொன்னார், வளைவுலதான்டா மொத்த வண்டியும் கண்ணுக்குத் தெரியும், நாப்பது அம்பது பெட்டி, எது புகையுது, எது கழண்டிருக்கு, எல்லாம் சேந்து வருதான்னு அப்பதான் பாக்க முடியும், அதை விட்டுட்டு உன்னைப் பாத்தா வேலை என்னாகும்னு." புத்தகத்தை மூடினான். "நீ ஏன் இதைப் போட்ட?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சட்டையை மாற்றப் போய்விட்டான். கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடவில்லை. வாசலில் நின்று அவர் பார்த்தது எவ்வளவு நேரம்? ஐந்து நொடி, ஆறு நொடி. தம்பி பெண்டாட்டி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது, எல்லாம் சேர்ந்து வருகிறது, சரி. அவ்வளவுதான். அந்த ஐந்து நொடியை வெட்டி எடுத்து, ஆளுக்கே அதைப் பெயராகச் சூட்டிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அனுப்பியவள் அவள். ஊரார் முகங்களையெல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவருகிறவளும் அவள்தான். அந்தக் கட்டத்தில் யாரை நிறுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பதிப்பாசிரியைக்குப் போன் போட்டாள்.

"மாத்தறதா? நாப்பதாயிரம் பிரதி போயாச்சு. அடுத்த அச்சுக்கு வேணா பாக்கலாம். ஆனா ஏன்? மொத்தப் புக்குலயும் அதுதானே பெஸ்ட்?"

"அது தப்பான ஆளுங்க. கார்டையும் மாத்தணும்."

"படத்துல ஏதுங்க தப்பான ஆளு?" என்று பதிப்பாசிரியை சிரித்தாள். பிறகு இவள் மறுபடியும் அதையே சொன்னதும் குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, ரெண்டு படம் மாத்தி அனுப்புங்க. அடுத்த அச்சுல போட்டுடறேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை அவர் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டை விட்டுப் போகிறவர் யாராவது அந்த வீட்டுத் துணியை மடித்துக்கொண்டிருப்பார்களா? அவள் கதவோரம் நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கத் துணிவு இல்லை, திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. அவர் குழந்தையின் சீருடையைச் சுருக்கம் இல்லாமல் நீவிக்கொண்டே, "வாம்மா" என்றார்.

"பெரியப்பா, அந்தப் படம்..."

"நல்ல படம்மா. பிள்ளைங்களுக்குப் பாத்ததும் புரியுது. அதானே வேணும்."

வேணும்னு பண்ணல பெரியப்பா என்று சொல்லத்தான் வந்தாள். வாய் வரைக்கும் வந்தது. மீசை நினைவுக்கு வந்து தடுத்துவிட்டது. அவர் சீருடையை நாற்காலியில் வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் வந்து நின்னப்பல்லாம் உனக்கு அப்படித்தான் இருந்துச்சா? வேவு பாக்கற மாதிரி?"

இல்லவே இல்லை என்று ஒரு பொய் நாக்கில் தயாராக இருந்தது. இரண்டு வருடம் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தாயிற்று, முகத்துக்கு நேரே பொய்யும் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அவர் துண்டின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தபடி காத்திருந்தார்.

"இருந்துச்சு பெரியப்பா."

"வந்த நாள்லேருந்தா?"

"ஆமா."

துண்டை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடியும் நாலாக மடித்தார். "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "உள்ள வந்து உக்காந்திருப்பேனே. உள்ள வரத்தான் எனக்கும் ஆசை. உன் வேலை கெட்டுடுமேன்னுதானே வாசலோட நின்னேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெருவைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், மடித்த துணி அடுக்கைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். "அழாதம்மா. குழந்தை பாத்தா பயந்துடும்" என்றார். போக வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது, முகம் இல்லை. அதனால் கேட்கக்கூடியதைக் கேட்டாள்.

"அடுத்த அச்சுல படத்தை மாத்தறாங்க பெரியப்பா. கார்டுக்கு உங்களைப் போடணும். போறதுக்கு முன்னால ஒரு பத்து நிமிஷம் எனக்காக நிக்கறீங்களா?"

அவர் கொடியில் மிச்சமிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டார். டப்பாவை மூடிய பிறகு, "எனக்கு நிக்கத் தெரியுமான்னு தெரியல. பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். அறைக்கு வெளியே கூடத்தில் நின்று, "வரலாமாம்மா?" என்றார். அவள் மேசையில் தாளை விரித்துப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். கணவன் கையில் காபித் தம்ளரோடு சுவரோரம் வந்து நின்றுகொண்டான். மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"வாங்க பெரியப்பா. வாசல்ல நில்லுங்க."

நின்றார். போட்டோ ஸ்டூடியோவில் நிற்பதுபோல் இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன. பார்வை அவள் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது.

"இப்படி இல்ல பெரியப்பா, எப்பவும் நிப்பீங்களே, அப்படி."

"எப்பவும்னா எப்படிம்மா?"

அவளுக்குச் சொல்ல வரவில்லை. கோடு கோடாகத் தெரிந்து வைத்திருக்கிறாள், வாயில் ஒரு வார்த்தை எடுக்க முடியவில்லை. அவர் வலது கையைத் தூக்கிக் கதவு நிலையைத் தொட்டார். அடுத்தவர் பொருளைத் தொட்டுவிட்டவர்போல உடனே இழுத்துக்கொண்டார். இடது கையால் பிடித்தார். "இப்படியா?" என்றார். ஒரு காலை முன்னே வைத்தார், பின்னே எடுத்தார். "இப்படியா?" நெற்றியில் வேர்வை பொடித்தது. கணவன் தம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"பரவாயில்ல பெரியப்பா, உக்காருங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவள் எழப்போனாள்.

"இருங்க, இருங்க, நான் காட்டறேன்!" மகள் கட்டிலிலிருந்து குதித்து ஓடினாள். பையைக் கவிழ்த்துக் கொட்டுகிற சத்தம் கேட்டது. நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்துப் பிடித்தபடி ஓடி வந்து அவரிடம் நீட்டினாள். "இதுல இருக்கிற மாதிரி நில்லுங்க பெரியப்பா. இதுல கரெக்டா இருக்கு."

யாரும் குழந்தையைத் தடுக்கவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தை இடது கையில் வாங்கினார். பன்னிரண்டாவது கட்டத்தைக் கவனமாகப் பார்த்தார். படத்தைப் பார்ப்பதும் தன் காலைப் பார்ப்பதுமாக, முதலில் பாதத்தைச் சரியாக வைத்தார். பிறகு தோளைக் கொஞ்சம் வெளியே தள்ளினார். வலது கையை உயர்த்தி, அது நிலையில் எந்த இடத்தில் இருக்கிறதென்று மறுபடியும் படத்தில் தேடினார்.

"கை இன்னும் கொஞ்சம் மேலயாம்மா?" என்று அவளைக் கேட்டார்.